கோவில்பட்டியில் ஒரு கஸ்டம்ஸ் மேஜை

நான் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் எல்லோரும் முதலில் என் தலைமுடியைத்தான் பார்க்கிறார்கள். நரை ஒன்றும் அகப்படாது. "முப்பத்தஞ்சு வயசுல என்னட்டி உனக்கு ரிட்டயர்மெண்ட்டு?" என்று கூடப் படித்தவள் ஒருத்தி கடைவீதியில் நிறுத்திக் கேட்டாள். என்ன செய்ய? ஆட்கள் வேலையை விட்டுப் போவார்கள். எனக்கு வேலை என்னை விட்டுப் போனது. இப்போது வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு ஒருத்தர் கருப்பட்டி அனுப்ப வேண்டுமென்றால் கூரியர்க்காரன் வீட்டு வாசலுக்கே வந்து வாங்கிக்கொண்டு போகிறான். பெட்டியைப் பிரித்துப் பார்க்க நான் எதற்கு?

போன வாரம் புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிராவல்ஸ் திறந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். கையில் கம்ப்யூட்டர் பை, கண்ணில் தூக்கம் இல்லை.

"அக்கா, நீங்க கஸ்டம்ஸ்ல வேலை பாத்தியளாமே. எந்த ஏர்போர்ட்டு?"

"கோவில்பட்டி ஏர்போர்ட்டு" என்றேன்.

இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நம்ம ஊரில் பருத்திக்கும் மிளகாய்க்கும் இடம் உண்டு, ஆகாச விமானத்துக்கு இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். நடந்ததை நான் சொல்லிமுடித்த பிறகு, இதை எழுதிக் குடுங்க அக்கா, எங்க ஆபீஸ்ல வேலைக்கு வாறவங்க படிக்கட்டும் என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, டைப்ரைட்டிங் இரண்டு கிரேடும் முடித்துவிட்டு, வீட்டில் உட்கார முடியாமல் திரிந்துகொண்டிருந்தேன். ராஜாமணி அண்ணாச்சியின் டிராவல்ஸில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மறுநாளே போய் நின்றேன். அண்ணாச்சி அதற்கு முன்னால் தீப்பெட்டி மொத்த வியாபாரம் பார்த்தவர். எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் கிடையாது. மேஜைமேல் இருக்கும் பொருளைப் பார்த்துத்தான் பேசுவார். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"காராச்சேவுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

நான் யோசிக்கவே இல்லை. "ஸ்பைசி கிராம் ஃப்ளவர் ஸ்டிக்ஸ்."

"நாளைக்கு வந்துரு" என்று பேப்பர்வெயிட்டிடம் சொன்னார்.

அந்த வேலை எப்படி உண்டானது என்பதைச் சொல்ல வேண்டும். நான் சேருவதற்கு முந்தி, புதூர்ப் பக்கத்து ஆள் ஒருவரை அண்ணாச்சி வேலைக்கு வெளிநாடு அனுப்பினார். போகிற ஏர்போர்ட்டிலேயே, "பையில என்ன?" என்று ஒரு அதிகாரி கேட்டிருக்கிறார். "மருந்து" என்றிருக்கிறார் இவர். "எந்த ஊரு?" "கோவில்பட்டி." அந்த அதிகாரிக்கு நம்ம பக்கம் தெரியும் போல. தீக்குச்சித் தலையில் முக்குவதும் இங்கே மருந்துதான், வெடிக்குள் இடிப்பதும் மருந்துதான், மூட்டுவலிக்குத் தேய்ப்பதும் மருந்துதான். ஊரையும் மருந்தையும் அடுத்தடுத்துச் சொன்னால் என்ன ஆகும்? பை முழுவதையும் கொட்டிப் பார்த்துவிட்டு மூட்டுவலித் தைலம்தான் என்று முடிவாகும்போது விமானம் கிளம்பிவிட்டது.

அன்றைக்கே அண்ணாச்சி ஒரு முடிவுக்கு வந்தார். இனி நம்ம ஆபீஸ் வழியாகப் போகிற யாருடைய பெட்டியும் முதலில் இங்கே கஸ்டம்ஸ் தாண்ட வேண்டும். பெரும்பாலும் பெட்டி கட்டுவது பெண்கள், அதை ஆம்பளை பிரித்தால் சரிவராது. ஆகவே நான்.

முறை இப்படி. பயணத்துக்கு முந்தின நாள் பெட்டியோடு வரவேண்டும். பக்கத்து மிளகாய் மண்டித் தராசில் எடை பார்ப்போம். அதனால் எங்கள் ஆபீஸ் பெட்டிகள் எல்லாமே தும்மலோடுதான் வெளிநாடு போயின. பிறகு நீள மேஜையில் பெட்டியைத் திறப்பேன். அண்ணாச்சி கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு எதிரே உட்காருவார். அவர்தான் வெளிநாட்டு அதிகாரி. வாய் திறக்கமாட்டார். சந்தேகமான சாமானைப் பேனா முனையால் தொடுவார். தொட்டதும் நான் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: பேரு என்ன, யாருக்கு, தின்னு காட்டுங்க.

முதல் கேள்வியில் இங்கிலீஷ் பேர் வேண்டும். பேர் இல்லாத சாமான் பெட்டியில் ஏறாது. இதுதான் எனக்குப் பிடித்த இடம். வெறுங்கையோடு யாரையும் விடமாட்டேன். மோர்மிளகாய்க்கு வைத்தேன், கொத்தவரை வத்தலுக்கு வைத்தேன், குதிரைவாலிக்கு அகராதி புரட்டி வைத்தேன். அதலக்காய் மட்டும் முரண்டு பிடித்தது. மழை பெய்தால் கரிசலில் தானாக முளைக்கிற கசப்புக் காய்க்கு எந்த வெள்ளைக்காரன் பேர் வைத்திருப்பான்? கடைசியில் 'ஸ்மால் பிட்டர் வெஜிடபிள்' என்று ஒட்டினேன். வெண்டைக்காய் வத்தலுக்கு நான் ஒட்டிய சீட்டுதான் ஊர் முழுக்கப் பேர் வாங்கியது. 'டிரைட் லேடீஸ் ஃபிங்கர்ஸ்.' உலர்ந்த பெண்கள் விரல்கள். அந்த டப்பாவை அங்கே ஒரு அதிகாரி கையில் எடுத்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தாராம். கொண்டுபோனவர் திரும்பி வந்து சொன்னபோது அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரிப்பது அவ்வளவுதான்.

எல்லாமே விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். கல்யாண வீட்டுக்காரி ஒருத்தி மகனுக்குக் குருமா மணக்கட்டும் என்று தலையணை உறைக்குள் கசகசாப் பொட்டலம் தைத்திருந்தாள். எடுத்துப் போட்டேன். "கடையில விக்கிற சாமான்தான, என்ன பெரிய இது?" என்று கோபித்தாள். அது அபின் செடி விதை, இங்கே குருமா, வளைகுடாவில் ஜெயில் என்று சொன்ன பிறகு, அந்தம்மா உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரும் குடித்தாள். நான் தேடியது எல்லாம் அப்படி மாட்டிவிடும் சாமானைத்தான். மிச்சம் பெரும்பாலும் பாசம்.

இப்போது பேச்சியம்மா விஷயம்.

நாகலாபுரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமம். மானாவாரியில் கம்பும் மிளகாயும் போடுகிற குடும்பம். கொஞ்ச நாள் தீப்பெட்டி ஆபீஸிலும் வேலை பார்த்தவர். மகள் முத்துலட்சுமி மஸ்கட்டில் இருந்தாள், மருமகன் அங்கே ஒரு கம்பெனியில் மெக்கானிக். தலைப்பிரசவம். தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விசாவுக்குப் போட்டார்கள். விசா இழுத்துக்கொண்டே போனது. மருமகன் தினமும் எனக்குப் போன் போடுவார். விசா வந்த அன்றைக்கே முத்துலட்சுமிக்கு வலியும் வந்து, பெண்பிள்ளை பிறந்துவிட்டது.

பேச்சியம்மா மறுநாள் காலை பெட்டியோடு வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. வத்தல் ஏறியது, கடலை மிட்டாய் ஏறியது. கடைசியில் ஒரு எவர்சில்வர் தூக்கு. அண்ணாச்சியின் பேனா அதைத் தொட்டது.

திறந்தேன். தேங்காய் அளவுக்குக் கறுப்பாக, நல்லெண்ணெய் மினுங்க ஒரு கட்டி.

"பேரு என்ன அத்தை?"

"மருந்து."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அத்தை, அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்."

"பின்ன என்னன்னு சொல்ல? பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்க மருந்து. சுக்கு, மொளகு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி. ராத்திரி பூரா உக்காந்து இடிச்சிருக்கேன். மூணாம் நாள் மொதல் உருண்டை என் மக வாய்ல விழணும். நாளைக்கு மூணாம் நாளு."

"கசகசா?"

"அது என்னத்துக்கு இதுல? கசகசா போட்டா அது பாயாசம்."

பதில் திருப்தியாக இருந்தது. "ஸ்வீட்னு சொல்லுங்க. கருப்பட்டி ஸ்வீட். நாக்குல வருதா?"

"வருது. ஆனா சொல்லமாட்டேன். பெத்தவளுக்குக் குடுக்கத அல்வான்னு சொல்லிக் கொண்டு போனா உடம்புல ஒட்டுமா?"

வாதம் செய்ய நேரமில்லை. 'ஹோம்மேட் ஜிஞ்சர் ஸ்வீட்' என்று தூக்கின் மேல் சீட்டு ஒட்டினேன். சீட்டு பேசிக்கொள்ளும், அத்தை வாய் திறக்க வேண்டாம் என்று ஏற்பாடு. மூன்றாவது கேள்விக்குப் போனேன்.

"தின்னு காட்டுங்க."

பேச்சியம்மா தூக்கை மூடினார். "அது என் மக தின்ன பொறவுதான் மத்தவங்க. தாயி, நீயும் நாளைக்குப் பிள்ளை பெறுவ. அப்போ கேளு, சொல்லுதேன்."

அண்ணாச்சி மேஜையைப் பார்த்துச் சொன்னார்: "அவிய போகட்டும் செல்வி. அங்க எவன் திங்கச் சொல்லப் போறான்?"

அன்று மதியமே திருவனந்தபுரத்துக்கு வேன் ஏற்றிவிட்டோம். வேனில் ஏறுமுன் நடந்த ஒன்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூடி ஓரத்தில் எண்ணெய் கசிவதைப் பார்த்த பேச்சியம்மா, துணியில் பட்டுவிடுமே என்று பக்கத்துக் கடையில் நல்ல கெட்டி அட்டைப்பெட்டி ஒன்று கேட்டு வாங்கி, தூக்கை அதற்குள் இறக்கி, சணல் போட்டுக் கட்டியிருக்கிறார். கோவில்பட்டியில் கெட்டி அட்டை என்றால் என்ன அட்டை? நம்ம ஊரில் அரிசி வைக்கவும் அதுதான், சீலை வைக்கவும் அதுதான், குட்டி போட்ட பூனைக்கும் அதுதான். நாலு பக்கமும் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் 'சேஃப்டி மேட்சஸ்' என்று அச்சடித்த தீப்பெட்டிப் பண்டல் பெட்டி.

மறுநாள் காலை ஆபீஸ் திறந்து விளக்குப் பொருத்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மருமகன் நம்பர்.

"அக்கா, இங்க ஏர்போர்ட்டுல அத்தையை உள்ள நிறுத்தி வச்சிருக்காவ. தீப்பெட்டின்னு எழுதின பெட்டியில தூக்கு, தூக்குல கறுப்பா என்னமோ இருக்காம். சீட்டுல ஸ்வீட்டுன்னு இருக்கு, அத்தை மருந்துங்காவளாம். என்னைக் கூப்பிட்டுக் கேட்டாவ. எங்க அத்தை கொண்டாந்தது, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

நல்ல மருமகன். "யாரு கேக்கா?"

"இங்கன ஒரு மலையாளத்து அண்ணன் வேலை பாக்காரு. அவருதான் அந்த ஆபீசருக்குப் பேசிக் குடுக்காரு. போனை அவர்ட்ட குடுக்கேன்."

இத்தனை வருஷமாக நான் போலிக் கஸ்டம்ஸ். நிஜக் கஸ்டம்ஸ் இப்போது லைனில். அங்கே அத்தையைத் திருப்பி அனுப்பினால் முத்துலட்சுமிக்கு யார்? வெந்நீர் வைக்கக்கூட ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் இல்லை.

"மேடம், இது என்ன சாதனம், என்ன பொருள்?" தமிழும் மலையாளமும் கலந்த ஒரு குரல். "பாக்ஸ்ல மேட்சஸ். சீட்டுல ஸ்வீட். அம்மா மருந்துன்னு பறயுது. ஆபீசர் கேட்கிறாரு, மூணுல எது சத்தியம்?"

நான் வைத்த பேர், ஊர் வைத்த பேர், பெட்டியில் இருந்த பேர். மூன்றையும் விட்டுவிட்டு நாலாவதைத் தேடினேன். எதிர்முனையில் இருப்பவர் மலையாளத்துக்காரர். அவர் வீட்டில் இதை என்னவென்று சொல்வார்கள்?

"அண்ணே, லேகியம். பிரசவ லேகியம்."

அந்தக் குரல் இளகியது. "ஓ, லேஹ்யம். எண்ட பெண்டாட்டிக்கு அம்மா இதுதான் உண்டாக்கிக் கொடுத்தது." அவர் திரும்பி அரபியில் நீளமாகப் பேசுவது கேட்டது. நடுவில் யாரோ சிரித்தார்கள். மறுபடியும் என்னிடம் வந்தார். "ஆபீசருக்குப் புரிஞ்சது. பக்ஷே அவருக்கு ஒரு காரியம் மட்டும் வேணும். அம்மா இதுல கொஞ்சம் கழிக்கணும், சாப்பிட்டுக் காட்டணும். அம்மா கூட்டாக்கலை, சம்மதிக்கலை. வாயை மூடி நிக்குது. அதுதான் இப்போ சந்தேகம்."

தின்னு காட்டுங்க. என் மூன்றாவது கேள்வி கடல் தாண்டிப் போய் நின்றிருந்தது.

இதற்குள் அண்ணாச்சி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் போனைப் பார்த்துச் சொன்னார்: "அந்தம்மா தின்னாது. வேற வழி பாரு."

"அண்ணே, அத்தைட்ட போனைக் குடுங்க."

பேச்சியம்மா மூச்சு வாங்கியது கேட்டது.

"அத்தை, ஒரு வாய் போட்டுருங்க. முத்துலட்சுமி காத்துக்கிட்டு இருக்கா."

"எனக்குத் தெரியாதா தாயி? இன்னைக்கு மூணாம் நாளு. மொதல் உருண்டை அவளுக்கு. நான் தின்னுட்டு எச்சிலையா குடுக்க? வேணும்னா இந்த ஆபீசரு எங்கூட ஆசுபத்திரிக்கு வரட்டும். எம் மக தின்ன பொறவு அவரும் திங்கட்டும், நானும் திங்கேன்."

"ஆபீசர் ஆசுபத்திரிக்கு வரமாட்டாரு அத்தை."

"அப்போ நானும் திங்கமாட்டேன்."

பக்கத்தில் மலையாளத்து அண்ணன் "அம்மே, அம்மே" என்று கெஞ்சுவது கேட்டது. நான் மேஜையைப் பார்த்தேன். அண்ணாச்சியோடு இருந்து இருந்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. மேஜைமேல் அன்றைக்கு வந்த யாரோ ஒருவருடைய கருப்பட்டிப் பை. மேலே நல்ல வட்டுகள், அடியில் உடைந்த தூள்.

"அத்தை, மருந்தை எப்படி உருட்டுவிய? மேலேருந்தா, அடியிலேருந்தா?"

"இது என்ன கேள்வி? மேலேருந்துதான் கிள்ளி உருட்டணும்."

"அப்போ மொதல் உருண்டை எங்க இருக்கு?"

"மேல."

"கடைசி உருண்டை?"

"அடியில."

"கடைசி உருண்டை யாருக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "அது பாத்திரத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும். வழிச்சு யாரு வேணாலும் தின்னுக்கிடலாம்."

"சரியாச் சொன்னீய. இப்போ தூக்கை மூடி மேல கவுத்துங்க. அடியில இருக்கத ஒரு துண்டு எடுத்துத் தின்னுங்க. நீங்க திங்கது கடைசி உருண்டை. மொதல் உருண்டை மேல அப்படியே இருக்கும், யார் கையும் படாம."

எதிரே அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

பேச்சியம்மா கணக்குப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. இது ஏமாற்றா, நியாயமா என்று புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். ஏமாற்று என்று தோன்றினால் அத்தோடு சரி, எந்த ராஜா வந்தாலும் தின்னமாட்டார்.

"கடைசி உருண்டையை மொதல்ல திங்கலாமா தாயி?"

"மொதல் உருண்டையை வேற யாரும் திங்கக் கூடாதுன்னுதான சொல்லியிருக்காவ. கடைசியை எப்போ திங்கணும்னு யாரும் சொல்லலியே?"

"சொல்லல" என்றார். பிறகு அந்தப்பக்கம் தூக்கு கவிழும் சத்தம்.

அவர் தின்றார். மலையாளத்து அண்ணனும் ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றார். அது நியாயமான ஆசை, வீட்டு ருசி. அதைப் பார்த்த அந்த அதிகாரியும் ஒரு துண்டு வாயில் போட்டிருக்கிறார். இருமல் கோவில்பட்டி வரை கேட்டது. திப்பிலியும் மிளகும் யாருக்கும் மரியாதை பார்ப்பதில்லை. இருமி முடித்து ஏதோ கேட்டார்.

"மேடம், ஆம்பளைங்க இதைக் கழிக்கலாமான்னு சார் கேட்கிறாரு."

"பிள்ளை பெத்தா தாராளமா."

அதை அவர் அரபியில் சொன்னாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அந்தப்பக்கம் சிரிப்பு மட்டும் கேட்டது. தீப்பெட்டி அட்டையை மட்டும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். தூக்கு, வத்தல், மிட்டாய், அத்தை எல்லாம் வெளியே வந்தன.

அன்று பகல் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மூன்று பெட்டி வந்தது, மூன்றையும் அரைகுறையாகப் பார்த்தேன். அண்ணாச்சியும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடித்தபோது அவர்தான் எடுத்தார், கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தாயி, நான்தான். குடுத்தாச்சு. மொதல் உருண்டை."

"தின்னாளா?"

"ஒரே வாய்ல போட்டா. போட்டுட்டு, 'எரியுதும்மா, துப்பவா'ங்கா."

"நீங்க என்ன சொன்னீய?"

"மென்னு முழுங்குட்டின்னேன். முழுங்கிட்டா. இப்போ ரெண்டாவது கேக்கா."